மாலையில் சுற்றுகிற இணையமும் சாலையோரம் அறுகிற ஃபைபரும்: இரண்டுக்கும் ஒரே கணக்கு

ஊரில் இணையச் சேவை நடத்துகிற உங்கள் கேள்வியின் சுருக்கம் இது. உசிலம்பட்டியில் 8 போர்ட் ஜிபான் ஓஎல்டி ஒன்று (ஒரு ஃபைபரைப் பிரித்துப் பல வீட்டுக்கு இணையம் தருகிற முறை ஜிபான்; அதன் தலைமைப் பெட்டி ஓஎல்டி). அதில் 7 போர்ட்டில் 400 இணைப்பு, பெரும்பாலும் 100 எம்பிபிஎஸ் பிளான். மதுரையிலிருந்து செக்கானூரணி வழியாக ஒரே ஒரு 1 ஜிபிபிஎஸ் லிங்க். ராத்திரி 8 முதல் 10 வரை எல்லா வீட்டிலும் படம் சுற்றுகிறது. ஓஎல்டி-யின் ஒரு பான் போர்ட்டில் மட்டும் பகலிலேயே இந்தத் தொல்லை. வழியில் ஃபைபர் அறுந்தால் ஆறு மணி நேரம் யாருக்கும் எதுவும் இல்லை. 10 ஜிபிபிஎஸ் வேகமுள்ள எக்ஸ்ஜிஎஸ்-பான் வாங்கலாமா, வீடுகளிலிருந்து வெளியே போகிற வேகத்தைத் தேவைக்கேற்பப் பிரிக்கிற டிபிஏ-வை எப்படி அமைப்பது, இரண்டாவது லிங்க் எடுத்தால் சரியாகிவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எக்ஸ்ஜிஎஸ்-பான் இப்போதைக்கு வேண்டாம். இரண்டாவது லிங்க் கட்டாயம் வேண்டும். ஆனால் அதை எடுத்த அன்றே பேண்ட்வித் பங்கீட்டையும் மாற்றியாக வேண்டும். ஒரு லிங்க் ஏற்கெனவே அறுந்து கிடக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் யாருக்கு எவ்வளவு உறுதி என்று எழுத வேண்டும். இரண்டு லிங்க்கும் நன்றாக ஓடுகிற நாளை வைத்துப் பங்கு போட்டால், அறுகிற நாளில் 400 பேரும் ஒன்றாகத்தான் தவிப்பார்கள்.

மாலைத் தொல்லையை முதலில் பார்ப்போம். ஐடியு-டி ஜி.984 என்ற சர்வதேசத் தரப்படி ஒரு ஜிபான் போர்ட் கீழ்நோக்கி (வீட்டுக்கு) 2.488 ஜிபிபிஎஸ், மேல்நோக்கி (வீட்டிலிருந்து) 1.244 ஜிபிபிஎஸ். உங்களிடம் ஒரு போர்ட்டுக்குச் சராசரி 57 வீடு. உச்ச நேரத்தில் வீட்டுக்குச் சராசரியாக 3 எம்பிபிஎஸ் ஓடுகிறது என்று வைத்தால் ஒரு போர்ட்டில் 171 எம்பிபிஎஸ். அது போர்ட்டின் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடாது. அதே 3 எம்பிபிஎஸ் 400 வீட்டுக்கு 1,200 எம்பிபிஎஸ். அது போக வேண்டிய வழியோ 1,000. முட்டுகிற இடம் அங்கேதான். பான் பக்கத்தை 10 ஜிபிபிஎஸ் ஆக்கினாலும் மதுரை லிங்க் அப்படியேதான் இருக்கும்.

இந்த 3 எம்பிபிஎஸ் கணக்குக்காக நான் எடுத்த எண். உங்கள் எண்ணை நீங்களே அளந்துகொள்ளுங்கள். அளக்கும்போது ஒரு கண்ணி இருக்கிறது: கருவிகளின் கணக்கைப் படிக்கிற எஸ்என்எம்பி-யில் பைட்டுகளை எண்ணுகிற 32 பிட் கவுண்டரை எடுத்தால், முழு வேகத்தில் ஓடும் 1 ஜிபிபிஎஸ் லிங்க்கில் அது 34 வினாடிக்கு ஒருமுறை சுழன்று பூஜ்யத்துக்கு வந்துவிடும். 5 நிமிடத்துக்கு ஒருமுறை படிக்கிற கிராஃப் அப்போது வாய்க்கு வந்ததைச் சொல்லும். 64 பிட் கவுண்டரை எடுங்கள். 5 நிமிடச் சராசரி 80 சதவீதம் காட்டினாலே, நடுவில் சில நொடிகள் லிங்க் நிரம்பிப் பாக்கெட் (தரவுத் துண்டு) விழுந்து தொலைந்துகொண்டிருக்கிறது என்று பொருள். 100 சதவீதம் வரட்டும் என்று காத்திருப்பவர்கள் போன் எடுத்தே களைத்துப்போவார்கள்.

ஓஎல்டி-யை மதுரைப் பக்கம் இணைக்கிற அப்லிங்க் போர்ட்டையும் பாருங்கள். 10 ஜிபிபிஎஸ் தாங்குகிற போர்ட்டில் கையில் இருந்த 1 ஜிபிபிஎஸ் மாட்யூலைச் செருகிவைத்திருப்பது நம் பக்கம் சாதாரணம். மதுரை லிங்க்கைப் பெரிதாக்கிய பிறகும் வேகம் கூடவில்லை என்றால் காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

பகலிலும் தடுமாறுகிற அந்த ஒரு போர்ட் வேறு கதை. அங்கே மேல்நோக்கிய பங்கீட்டைச் சந்தேகிக்க வேண்டும்.

கீழ்நோக்கி ஓஎல்டி ஒன்றுதான் பேசுகிறது, வீடுகளில் இருக்கிற பெட்டிகளான எல்லா ஓஎன்யூ-வும் கேட்கின்றன. மேல்நோக்கி வரும்போது 57 பெட்டிகள் ஒரே ஃபைபரில் 1310 நானோமீட்டரில் பேச வேண்டும். இரண்டு ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் கெட்டுவிடும். அதனால் ஓஎல்டி 125 மைக்ரோ வினாடிக்கு ஒரு ஃபிரேம் அனுப்பி, அதன் தலைப்பிலேயே எந்த அலோக்-ஐடி (இடம் ஒதுக்கப்படுகிற வரிசையின் எண்) எந்த பைட்டில் தொடங்கி எதில் முடிக்க வேண்டும் என்ற அட்டவணையையும் தருகிறது. மேல்நோக்கிய ஃபிரேம் மொத்தம் 19,440 பைட். ஒவ்வொரு ஓஎன்யூ-வும் பேசத் தொடங்கும் முன் இடைவெளிக்கும் தாளம் பிடிக்கவும் 12 பைட் போகும். 57 பெட்டியும் ஒவ்வொரு ஃபிரேமிலும் பேசினால் அதிலேயே 684 பைட், அதாவது மூன்றரை சதவீதம் கரையும். மற்றத் தலைப்புகளும் போக 1.1 ஜிபிபிஎஸ்-சுக்குப் பக்கத்தில் கையில் நிற்கும் என்று கணக்குப் போடுங்கள்.

இதை யாருக்கு எப்படிப் பிரிப்பது என்று சொல்வதுதான் டி-கான்ட் (ஓஎன்யூ-வின் மேல்நோக்கிய வரிசை) வகை. வகை 1 நிலையானது: கேட்டாலும் கேட்காவிட்டாலும் அந்த இடம் அந்தப் பெட்டிக்கே. வகை 2 உறுதியானது: கேட்டால் கட்டாயம் கிடைக்கும், கேட்காதபோது மற்றவர்களுக்குப் போகும். வகை 3-இல் உறுதியும் உண்டு, அதற்கு மேல் ஓர் உச்ச வரம்பும் உண்டு. வகை 4-க்கு உறுதி எதுவும் இல்லை, மிச்சம் இருந்தால் உண்டு. வகை 5 எல்லாம் கலந்தது. ஓஎல்டி முதலில் நிலையானதை ஒதுக்கும், பிறகு உறுதியானதை. மிஞ்சியதை வகை 3-காரர்களுக்கு அவரவர் உறுதியின் விகிதத்தில் கொடுக்கும், கடைசியில் வகை 4.

இங்கே இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, பெட்டியோடு வந்த ப்ரொஃபைலில் வகை 1 இருப்பதைப் பார்க்காமல் எல்லா வீட்டுக்கும் ஒட்டிவிடுவது. 57 வீட்டுக்குத் தலா 15 எம்பிபிஎஸ் நிலையாகக் கொடுத்தால் 855 எம்பிபிஎஸ் நடுராத்திரியில்கூட யாருக்கும் பயனில்லாமல் பூட்டிக் கிடக்கும். மீதி சுமார் 250-இல்தான் எல்லாரும் அடித்துக்கொள்ள வேண்டும். இந்த நிலையில் புது ஓஎன்யூ சேர்க்கப் போனால், பேண்ட்வித் போதவில்லை என்று ஓஎல்டி ப்ரொஃபைலை ஏற்காமல் திருப்பி அனுப்பும். அந்த எச்சரிக்கை வந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மற்றொன்று, எல்லாருக்கும் வகை 4, உச்சம் 1 ஜிபிபிஎஸ். கல்யாண வீடியோவை மேகத்தில் ஏற்றுகிற ஸ்டுடியோவும், பத்து கேமராவை வெளியே அனுப்புகிற ஜவுளிக்கடையும் ஒரே போர்ட்டில் இருந்தால் மேல்நோக்கிய வழி நிரம்பிவிடும். அப்போது மற்ற வீட்டில் படம் பார்ப்பவருக்கும் வேகம் குறையும், ஏனென்றால் இறங்குகிற துண்டுகளுக்கு ‘வந்து சேர்ந்தது’ என்ற சிறு பதில் மேலே போக வேண்டும். அது வரிசையில் நின்றால் அடுத்தது வரத் தாமதமாகும்.

நான் அமைத்தால் இப்படி அமைப்பேன். வீடுகளுக்கு வகை 3, உறுதி 2, உச்சம் 100 எம்பிபிஎஸ். கடை, ஸ்டுடியோ, மருத்துவமனைக்கு வகை 3, உறுதி 20, உச்சம் அவர்கள் வாங்கிய பிளான் அளவு. தொலைபேசிக் குரலுக்குத் தனி டி-கான்ட் இருந்தால் அதற்கு மட்டும் வகை 1, அரை எம்பிபிஎஸ் போதும். 54 வீடும் 3 கடையும் என்றால் உறுதிகளின் கூட்டல் 168 எம்பிபிஎஸ்தான். மீதி முழுதும் தேவைக்கேற்பச் சுழலும். உறுதியை அள்ளிக்கொடுப்பது தாராளம் மாதிரித் தெரியும். கூட்டல் ஏற ஏற மற்றவருக்கு மிஞ்சுவது சுருங்கும். ஓஎன்யூ தன் வரிசை நீளத்தைச் சொல்ல, அதைப் பார்த்து ஓஎல்டி ஒதுக்குகிற முறை இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வெறும் போக்குவரத்தைப் பார்த்து ஊகிக்கிற முறை திடீர் ஏற்றங்களுக்குத் தாமதமாகவே அசையும். பக்கத்து ஊர்க்காரர் இபான் (ஈதர்நெட் வகைப் பான்) வைத்திருந்தால் அவருக்கு டி-கான்ட் கிடையாது. எல்எல்ஐடி (ஓஎன்யூ-வுக்குத் தரப்படுகிற எண்) வாரியாக நிலை, உறுதி, உச்சம் என்று எழுத வேண்டும், நிகர அளவு இரு பக்கமும் 1 ஜிபிபிஎஸ்.

இனி இரண்டாவது லிங்க். இதுதான் பதிலின் நடுப்பகுதி.

வருஷத்துக்கு நான்கு முறை அறுகிறது, ஒவ்வொன்றுக்கும் ஆறு மணி நேரம் என்றால் 24 மணி நேரம் போச்சு. இருக்கிற நேரம் 99.73 சதவீதம். அதே அளவு மோசமான இன்னொரு பாதையைச் சேர்த்து, இரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் அறுகின்றன என்றால், இரண்டும் சேர்ந்து படுத்திருக்கிற நேரம் வருஷத்துக்கு 4 நிமிடம். விலை கூடிய கருவி எதுவும் இந்தப் பலனைத் தராது. எல்லாம் அந்த ‘சம்பந்தமில்லாமல்’ என்பதில்தான் நிற்கிறது.

இரண்டு கம்பெனியிடம் வாங்கினால் இரண்டு பாதை ஆகிவிடாது. மதுரையிலிருந்து வெளியே வரும்போது இருவரும் ஒரே குழாயில் ஃபைபர் வாடகைக்கு எடுத்திருக்கலாம். செக்கானூரணிக்குப் பிறகு ஒரே மின்கம்ப வரிசையில் தொங்கலாம். சாலை அகலப்படுத்த வருகிற ஜேசிபி-க்கு யாருடைய கேபிள் என்று தெரியாது. உங்களுக்கு இயற்கையாகவே இரண்டு திசை உண்டு: தேனி நெடுஞ்சாலையில் செக்கானூரணி வழி ஒன்று, தெற்கே திருமங்கலம் வழி ஒன்று. இரண்டாவதைத் திருமங்கலம் வழியாகவே கேளுங்கள், தூரம் கூடினாலும் சரி. வரைபடக் கோப்பை வாங்கி, முதல் லிங்க்கின் வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். மதுரைக்குள் கடைசி இரண்டு கிலோமீட்டரும் உசிலம்பட்டிக்குள் கடைசி அரைக் கிலோமீட்டரும்தான் வழக்கமாக ஒன்று சேர்கிற இடங்கள். டார்க் ஃபைபராக (கருவி இல்லாத வெறும் ஃபைபராக) எடுத்தால் ஓடிடிஆர் (ஒளி அனுப்பி ஃபைபரை அளக்கிற கருவி) போட்டு நீளத்தை ஒப்பிடுங்கள். இரண்டு ‘தனித்தனிப் பாதை’யும் சில நூறு மீட்டர் வித்தியாசத்தில் வந்தால் விற்பவரிடம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். மதுரை முனை மாசி வீதிகளுக்குள் வான்வழியாக வந்தால் அதையும் கேளுங்கள்; சித்திரைத் தேர் வருகிற வழியில் குறுக்கே கம்பி நிற்காது.

இப்போது மதுரை லிங்க்கில் கீழ்நோக்கிய பங்கீடு. இரண்டு 1 ஜிபிபிஎஸ் லிங்க் வந்தவுடன் உச்சம் 1,200 எம்பிபிஎஸ் இரண்டிலும் பரவி ஓடும், எல்லாருக்கும் சந்தோஷம். அந்தத் தைரியத்தில் இன்னும் 200 இணைப்பு விற்பீர்கள். ஒன்று அறுந்த ராத்திரி 1,800 எம்பிபிஎஸ் 1,000-க்குள் நுழையப் பார்க்கும். எனவே உறுதிகளின் கூட்டல், சிறிய லிங்க்கின் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் 400-இல் 12 வணிக இணைப்பு என்று வைப்போம்: தலா 20 எம்பிபிஎஸ், ஆக 240. மீதி 388 வீட்டுக்குத் தலா ஒன்றரை, ஆக 582. கூட்டினால் 822, 850-க்குள் அடங்குகிறது. ஒன்றரை எம்பிபிஎஸ்-இல் 480பி படம் ஓடும், பணம் அனுப்புவது நிற்காது. வீடியோ தளங்கள் தாமாகவே தரத்தைக் குறைத்துக்கொள்ளும். இரண்டு லிங்க்கும் இருக்கிற நாளில் எல்லாரும் 100 வரை போகலாம். வீட்டு எண்ணிக்கை கூடும்போது இந்தக் கூட்டலைத் திரும்பப் போடுங்கள். அது 850-ஐத் தொட்டால் விற்பனையை நிறுத்துங்கள் அல்லது லிங்க்கைப் பெரிதாக்குங்கள்.

இதை எங்கே அமல்படுத்துவது என்பதில் பலர் தவறுகிறார்கள். கூட்டம் மதுரையிலிருந்து உசிலம்பட்டிக்கு வருகிற திசையில்தான். உங்கள் ரவுட்டர் உசிலம்பட்டியில் இருந்தால், அது பார்ப்பதற்கு முன்பே மதுரையில் லிங்க் கொடுத்தவரின் போர்ட்டில் பாக்கெட் விழுந்துவிட்டது. அவருக்கு மருத்துவமனை எது, யூடியூப் எது என்று தெரியாது. வரிசைப்படுத்துகிற பெட்டி மதுரை முனையில் இருக்க வேண்டும். மொத்த அளவை லிங்க்கைவிட 5 சதவீதம் குறைத்து, 950 எம்பிபிஎஸ் என்று தாய் வரம்பு போட்டு, அதற்குள் வணிகம், வீடு என்று இரண்டு பிள்ளை வரிசை வையுங்கள். அப்போதுதான் வரிசை உங்கள் பெட்டியில் நிற்கும். மதுரையில் பெட்டி வைக்க இடமே இல்லை என்றால் உசிலம்பட்டியிலேயே 900-க்கு இறுக்கிப் பிடிக்கலாம். வேலை செய்யும், துல்லியம் இருக்காது.

அறுந்ததும் தானாக மாற வேண்டுமே. இரண்டும் உங்கள் சொந்த ஃபைபர், நடுவில் உங்கள் ஸ்விட்ச் என்றால் ஜி.8032 வளையப் பாதுகாப்பு 50 மில்லி வினாடியில் மாற்றும்; சரியான பிறகு உடனே திரும்பாமல் இயல்பாக 5 நிமிடம் காத்திருக்கும், அதைக் குறைக்காதீர்கள். ஆட்டம் காண்கிற ஜாயிண்ட் ஒன்று இருந்தால் லிங்க் வருவதும் போவதுமாகவே ராத்திரி கழியும். இரண்டு வேறு ஆளிடம் வாங்கிய லிங்க் என்றால் ரவுட்டிங்கில்தான் செய்ய வேண்டும். ரவுட்டர்கள் வழி கண்டுபிடிக்கிற முறையான ஓஎஸ்பிஎஃப் தானாக உணர இயல்பு நிலையில் 40 வினாடி எடுக்கும். அதோடு, லிங்க் உயிரோடு இருக்கிறதா என்று அடிக்கடி சோதிக்கிற பிஎஃப்டி சேர்த்து 300 மில்லி வினாடி, மூன்று தவறல் என்று வைத்தால் ஒரு வினாடிக்குள் முடியும். நடுவில் ஃபைபரைச் செம்புக் கம்பிக்கு மாற்றுகிற மீடியா கன்வெர்ட்டர் இருந்தால் கூடுதல் கவனம் தேவை: ஃபைபர் அறுந்தாலும் இந்தப் பக்கச் செம்புப் போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், ரவுட்டர் ஏமாறும். அதில், ஒரு பக்கம் போனால் மறுபக்கத்தையும் இறக்கிவிடுகிற எல்எஃப்பி சுவிட்சைப் போட்டுவிடுங்கள்.

ஊருக்குள் இருக்கிற பான் பகுதிக்கு இவ்வளவு செலவு தேவையில்லை. அங்கே வருகிற புகாரில் பெரும்பகுதி வெளிச்சக் கணக்கில் முடியும். எட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற கிராமத்துக்குக் கணக்குப் போடுவோம். ஒளியை நான்காகப் பிரிக்கிற 1:4 ஸ்ப்ளிட்டரில் இழப்பு 7.2 டிபி, அதன் பின் 1:16 ஸ்ப்ளிட்டர் 13.7, ஃபைபர் 1310-இல் கிலோமீட்டருக்கு 0.35 வீதம் 2.8, ஆறு ஸ்ப்ளைஸ் (ஃபைபர் ஒட்டு) 0.6, நான்கு கனெக்டர் 1.2. மொத்தம் 25.5 டிபி. ஓஎல்டி-யில் செருகிய பி பிளஸ் வகை மாட்யூல் தாங்குவது 28. கையிருப்பு இரண்டரைதான், இரண்டு தடவை அறுந்து ஒட்டினால், ஒரு கனெக்டரில் தூசி படிந்தால் தீர்ந்தது. ஓஎன்யூ-வில் மைனஸ் 27 டிபிஎம் வரை தாங்கும் என்று தாளில் இருந்தாலும் மைனஸ் 25-க்குக் கீழே விடாதீர்கள். இந்தக் கிராமத்துக்கு சி பிளஸ் மாட்யூல் போட்டால் 32 டிபி கிடைக்கும். ஸ்ப்ளிட்டரைக் குறைப்பதைவிட அது சுலபம்.

வெளிச்சம் குறைந்தால் இரண்டு முனையிலும் படியுங்கள். ஓஎன்யூ பெறுவது 1490 நானோமீட்டரில், ஓஎல்டி பெறுவது 1310-இல். நீண்ட அலை வளைவில் அதிகம் கசியும். ஓஎன்யூ பக்கம் 4 டிபி குறைந்து, ஓஎல்டி பக்கம் 1 டிபி மட்டும் குறைந்திருந்தால் எங்கோ கேபிளை மடக்கிக் கட்டியிருக்கிறார்கள். ஜன்னல் ஓரம், கட்டுக்கம்பி, என்க்ளோஷர் (ஜாயிண்ட் பெட்டி) உள்வளையம் ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு குறைந்திருந்தால் அழுக்கு அல்லது கெட்ட ஸ்ப்ளைஸ். முனை சாய்ந்த பச்சை ஏபிசி கனெக்டரை முனை சாயாத நீல யுபிசி-யில் செருகியிருந்தாலும் இப்படித்தான் காட்டும். ஒரு போர்ட்டில் எல்லா ஓஎன்யூ-வும் ஒரே நொடியில் போனால் ஃபீடர் (ஓஎல்டி-யிலிருந்து முதல் ஸ்ப்ளிட்டர் வரை வருகிற ஃபைபர்). ஒரு கூட்டம் மட்டும் போனால் ஒரு ஸ்ப்ளிட்டர் கால். ‘டையிங் காஸ்ப்’ என்ற கடைசிச் செய்தியை அனுப்பிவிட்டுப் போனால் கரண்ட் கட், வண்டியை எடுக்க வேண்டாம். எல்லாம் வருவதும் போவதுமாக இருந்தால் ஏதோ ஒரு பெட்டி நிறுத்தாமல் ஒளி விடுகிறது. கெட்ட ஓஎன்யூ-வாக இருக்கும், இல்லையென்றால் யாரோ மீடியா கன்வெர்ட்டரை பான் ஃபைபரில் செருகியிருப்பார்கள். ஸ்ப்ளிட்டர் கால்களை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் பிடிக்க வேண்டும்.

ஃபீடருக்கு பி வகைப் பாதுகாப்பு என்று ஒன்று உண்டு: 1:4-க்குப் பதில் 2:4 ஸ்ப்ளிட்டர், இரண்டு ஃபீடர், இரண்டு பான் போர்ட். இழப்பு கிட்டத்தட்ட அதேதான். ஆனால் விலை குறைந்த ஓஎல்டி-கள் பலவற்றில் இந்த வசதியே இருக்காது, போர்ட்டும் இரட்டிப்பாகும். மருத்துவமனை, வங்கி இருக்கிற போர்ட்டுக்கு மட்டும் யோசியுங்கள். மற்றவற்றுக்கு வேறு தெரு வழியாக ஒரு உபரி ஃபைபரை ஸ்ப்ளிட்டர் பெட்டி வரை இழுத்து, கனெக்டர் போட்டு மூடி வைத்தால் போதும்; ஆள் போய் மாற்றிச் செருக அரைமணி நேரம். வான்வழியில் நான்கைந்து கம்பத்துக்கு ஒருமுறை பத்து மீட்டர் உபரி வளையம் விடுங்கள், சாலை கடக்கும் இடத்தில் வைக்கோல் லாரி உரசாத உயரம் இருக்கட்டும். ஆடிக் காற்றுக்கு முன் கட்டுகளையும், ஐப்பசி மழைக்கு முன் ஜாயிண்ட் பெட்டிகளின் ரப்பரையும் பாருங்கள்.

கரண்டும் இதே கணக்கில் சேரும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு என்றால் காலை 9 முதல் மாலை 5 வரை, எட்டு மணி நேரம்கூட ஆகலாம். ஓஎல்டி-யும் ஸ்விட்ச்சும் சேர்ந்து 100 வாட் என்றால், 12 வோல்ட் 150 ஏஎச் பேட்டரி 1,800 வாட் மணி. அதில் 60 சதவீதம் மட்டும் எடுத்து, இன்வெர்ட்டர் இழப்பு 15 சதவீதம் போக, 918 வாட் மணி, ஒன்பது மணி நேரம். பேட்டரி பழையதானால் இது பாதியாகும். லிங்க் கொடுக்கிறவரின் இடைவழிப் பெட்டிகளுக்கு எத்தனை மணி நேரம் பேட்டரி இருக்கிறது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். செக்கானூரணியில் கரண்ட் போனால் உசிலம்பட்டியில் நெட் போகிறது என்றால் ஃபைபர் அறுந்ததற்கும் அதற்கும் உங்கள் வாடிக்கையாளருக்கு வித்தியாசம் இல்லை.

இவ்வளவும் அமைத்த பிறகு முதல் லிங்க்கின் பேட்ச் கார்டை (கருவியில் செருகுகிற சிறு ஃபைபரை) நீங்களே கழற்றிப் பாருங்கள். முதல் தடவை மதியம் மூன்று மணிக்கு: மாறுகிறதா, எத்தனை வினாடி, வாடிக்கையாளர் உள்நுழைகிற பிபிபிஓஇ இணைப்புகள் உதிராமல் நிற்கின்றனவா என்று பாருங்கள். அது சரியானால், வாடிக்கையாளர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு ராத்திரி ஒன்பதுக்கு அரைமணி நேரம். வணிக வரிசையில் ஒரு பாக்கெட்கூட விழக் கூடாது, வீட்டு வரிசையில் கொஞ்சம் விழலாம். வணிகத்திலும் விழுந்தால் தாய் வரம்பு லிங்க்கைவிடப் பெரிதாக இருக்கிறது, அல்லது உறுதிகளின் கூட்டலில் யாரையோ விட்டிருக்கிறீர்கள்.